வாஷிங்டன் பணம், கடைமடைப் பள்ளி

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஜூலை 1 அன்று புது நிதியாண்டு பிறக்கிறது. அடுத்த சில வாரங்களில் பள்ளிகள் திறந்துவிடும். எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர், மாலை நேர மையம் நடக்குமா நடக்காதா, ஆங்கிலம் தெரியாமல் வந்து சேரும் பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுப்பது என்பதெல்லாம் அதற்குள் முடிவாக வேண்டும். அந்த முடிவுகளுக்குக் கைகொடுக்கும் மத்திய அரசு மானியத்தின் ஒரு பகுதி, ஆண்டுதோறும் அதே ஜூலை 1 அன்று மாநிலங்களின் கைக்கு வரும். 2025-இல் அதற்கு முந்தைய நாள், மாநிலக் கல்வித் துறைகளுக்கு வாஷிங்டனிலிருந்து சுருக்கமான ஒரு கடிதம் வந்தது. சில திட்டங்களுக்கான பணம் பரிசீலனையில் இருப்பதாகவும், நாளை வராது என்றும் அது சொன்னது.

நிறுத்தப்பட்ட தொகை ஏறத்தாழ 680 கோடி டாலர். பண்ணை பண்ணையாக இடம்பெயரும் தொழிலாளர்களின் பிள்ளைகள், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள், ஆசிரியர் பயிற்சி, பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மையங்கள், வயதுவந்தோர் கல்வி ஆகியவற்றுக்கான பணம் அது. நாடாளுமன்றம் ஒதுக்கி, அதிபர் கையெழுத்திட்டு, சட்டமாகிவிட்ட பணம். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் நீதிமன்றம் போயின. மேற்கு வர்ஜீனியாவின் ஷெல்லி மூர் கேபிடோ தலைமையில், ஆளும் குடியரசுக் கட்சியின் செனட்டர்களே பத்துப் பேர் பணத்தை விடுவிக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். ஜூலை 25 அன்று மிச்சப் பணமும் விடுவிக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. அந்த மூன்றரை வாரத்தில் மாவட்டங்கள் ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்தன, மையங்கள் மூடப்படும் என்று பெற்றோருக்குச் சொல்லப்பட்டது.

இந்தச் சண்டையைப் பத்திரிகைகள் அதிபருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த போட்டியாகவே பார்த்தன. நடுவில் இருக்கும் ஒரு அலுவலகத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. வாஷிங்டன் தரும் பள்ளிப் பணத்தின் பெரும்பகுதி மாநிலக் கல்வித் துறை வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறது. அணையில் தண்ணீர் திறந்த செய்தி முதல் பக்கத்தில் வரும். கடைமடை வயல் நனைந்ததா என்பதை நடுவிலிருக்கும் மதகுகள் தீர்மானிக்கும். அறுபது ஆண்டு அமெரிக்கப் பள்ளி மானியத்தின் கதை பெரும்பாலும் இந்த மதகுகளின் கதைதான். அது இப்போது மறக்கப்படுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

நூற்றுக்கு எட்டு டாலர்

அமெரிக்க அரசியல் சாசனத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது. பள்ளிக்கூடம் மாநிலத்தின் பொறுப்பு. மாநிலமோ அதைச் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்களிடம் விட்டிருக்கிறது. பள்ளி மாவட்டம் என்பது நம் வருவாய் மாவட்டம் போன்றதல்ல. சில இடங்களில் ஒரு பெருநகரம் முழுவதும் ஒரே மாவட்டம், சில இடங்களில் நான்கு கிராமங்கள் ஒரு மாவட்டம். பெரும்பாலும் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த வாரியம் அதை நடத்துகிறது. உள்ளூர் வீட்டு வரி அதன் வருமானத்தில் பெரும் பங்கு. ஆகவே விலை மதிப்புள்ள வீடுகள் இருக்கும் ஊரில் பள்ளியும் வசதியாக இருக்கும், ஏழை ஊரில் பள்ளியும் ஏழையாக இருக்கும். டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்தில் மெக்சிக வம்சாவளிப் பெற்றோர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1973-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நாட்டின் அரசியல் சாசனம் கல்வியை அடிப்படை உரிமையாக்கவில்லை என்றது நீதிமன்றம்.

இந்த அமைப்பில் வாஷிங்டனின் பங்கு சிறியது. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் பள்ளிகள் பெற்ற நூறு டாலரில் சுமார் எட்டு டாலர்தான் மத்திய அரசுப் பணம். இந்தியாவின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசின் பங்கு 60 சதவீதம் என்று பார்த்துப் பழகிய நமக்கு, எட்டு டாலருக்கா இவ்வளவு சண்டை என்று தோன்றும். ஆனால் அந்த எட்டு டாலர் எல்லாப் பள்ளிக்கும் சமமாகப் பரவுவதில்லை. ஏழைப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், ஆங்கிலம் தெரியாத பிள்ளைகள் ஆகியோரைத் தேடிப் போகும் பணம் அது. மிசிசிப்பி போன்ற மாநிலங்களில் அதன் பங்கு தேசிய சராசரியைவிட வெகு அதிகம். வசதியான புறநகர்ப் பள்ளிக்கு அது சில்லறை. வறிய ஊர்ப் பள்ளிக்கு அது வாசிப்பு ஆசிரியரின் முழுச் சம்பளம்.

இந்தப் பணத்தின் பிறந்த நாள் 1965 ஏப்ரல் 11. அதிபர் லிண்டன் ஜான்சன் டெக்சாஸில் தான் சிறு பிள்ளையாகப் படித்த பழைய ஓரறைப் பள்ளிக்கூடத்தின் முன் உட்கார்ந்து, தன் முதல் ஆசிரியை கேட் லோனியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இளைஞராக இருந்தபோது டெக்சாஸின் கோட்டுல்லா என்ற சிற்றூரில் மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர் அவர். பசியோடு வகுப்புக்கு வந்த அந்தப் பிள்ளைகளை அவர் மறக்கவில்லை. சட்டத்தின் முதல் பிரிவு, எல்லோரும் இன்றுவரை ‘டைட்டில் 1’ என்றழைப்பது, ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு முதல் ஆண்டில் சுமார் 100 கோடி டாலர் தந்தது. இன்று அது ஆண்டுக்கு 1,840 கோடி டாலர் அளவில் நிற்கிறது.

அதே சட்டத்தின் ஐந்தாம் பிரிவு அவ்வளவு பேசப்படாதது. மாநிலக் கல்வித் துறைகளை வலுப்படுத்துவதற்கென்றே 2.5 கோடி டாலரை அது அனுமதித்தது. காரணம் எளிது. அன்றைய மாநிலக் கல்வித் துறைகள் பலவற்றில் இவ்வளவு பணத்தைக் கையாளத் தெரிந்த ஆட்களே இல்லை. பணத்தை மாநிலங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது அரசியல் கட்டாயம். வாஷிங்டன் நேரடியாகப் பள்ளிக்குள் நுழைந்தால் தென் மாநிலங்களின் உறுப்பினர்கள் மசோதாவைத் தோற்கடித்திருப்பார்கள். ஆகவே கால்வாய் வெட்டவும் மத்திய அரசே பணம் கொடுத்தது. இன்றும் பல மாநிலக் கல்வித் துறைகளில் கணிசமான ஊழியர்களின் சம்பளம் மத்திய மானியத்தின் நிர்வாகப் பங்கிலிருந்துதான் வருகிறது. ‘கல்வியை மாநிலங்களுக்கே திருப்பித் தருகிறோம்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

நீச்சல் தொட்டி வாங்கிய பணம்

முதல் சில ஆண்டுகளில் நடந்தது வேதனையானது. 1969-இல் ரூபி மார்ட்டின், ஃபிலிஸ் மெக்ளூர் என்ற இரு பெண்கள் ஓர் அறிக்கை எழுதினார்கள். வாஷிங்டன் ஆய்வுத் திட்டம் என்ற அமைப்பும், கறுப்பின மக்களின் வழக்குகளை நடத்திய என்ஏஏசிபி சட்டப் பாதுகாப்பு நிதியமும் சேர்ந்து அதை வெளியிட்டன. அரசாங்கத்தின் சொந்தத் தணிக்கைக் கோப்புகளைத் தோண்டி எழுதப்பட்ட அறிக்கை அது. டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் டைட்டில் 1 பணத்தில் எடுத்துச் செல்லும் நீச்சல் தொட்டிகள் வாங்கப்பட்டிருந்தன. வேறு இடங்களில் மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் அந்தப் பணம் பொதுச் செலவாகக் கலந்துவிட்டிருந்தது.

தென் மாநிலங்களில் நடந்த இன்னொன்று இதைவிடக் கொடியது. கறுப்பினப் பிள்ளைகள் தனிப் பள்ளியிலேயே தங்கிவிட வேண்டும் என்பதற்காக, அந்தத் தனிப் பள்ளிகளைக் கொஞ்சம் கவர்ச்சியாக்க இந்தப் பணம் பயன்பட்டது. வெள்ளையர் பள்ளியில் மாநிலப் பணத்தில் நூலகம் இருக்கும், கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியில் அதே நூலகம் மத்திய மானியத்தில் வரும். மாநிலம் தன் பங்கை மிச்சம் பிடித்துக்கொள்ளும். ஏழைப் பிள்ளைக்குக் கூடுதலாகக் கிடைக்க வேண்டியது, அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தர வேண்டியிருந்ததை ஈடுகட்டப் போய்விட்டது. மாநிலக் கல்வித் துறைகள் இதைப் பார்த்தும் பேசாமல் இருந்தன. மாவட்டக் கண்காணிப்பாளர்களாக இருந்தவர்களே பலர் பிறகு மாநில அதிகாரிகளானார்கள். பழைய சகாக்களைக் கேள்வி கேட்க அவர்களுக்கு மனம் வரவில்லை. வாஷிங்டனில் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களோ, நாடு முழுவதற்கும் சேர்த்து, ஒரு சிறு குழு.

வாஷிங்டன் எல்லாக் காலத்திலும் ஏழையின் பக்கம் உறுதியாக நின்றது என்றும் சொல்லிவிட முடியாது. 1965 அக்டோபரில், சிகாகோ பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்து கிடப்பதாக வந்த புகாரை ஏற்று, கல்வி ஆணையர் ஃபிரான்சிஸ் கெப்பல் சுமார் 3 கோடி டாலரை நிறுத்தி வைத்தார். சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி அதிபர் ஜான்சனை நேரில் பார்த்துக் கொதித்தார். சில நாட்களில் பணம் விடுவிக்கப்பட்டது. கெப்பல் அந்தப் பதவியில் அதிக நாள் நீடிக்கவில்லை. மேயருக்கு வேண்டிய ஓட்டு வங்கி அதிபருக்கும் வேண்டியிருந்தது.

ஆனாலும் பணத்தின் பிடி பலித்த இடம் உண்டு. இனப் பாகுபாடு காட்டும் அமைப்புக்கு மத்தியப் பணம் கிடையாது என்று 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் சொன்னது. டைட்டில் 1 வந்தபின் இழப்பதற்கு ஒரு தொகை உருவானது. தென் மாநிலங்களில் வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த பள்ளிகளில் படித்த கறுப்பினப் பிள்ளைகள் 1964-இல் நூற்றுக்கு இரண்டு பேர் அளவு. 1970-இல் மூன்றில் ஒரு பங்கு. நீதிமன்றத் தீர்ப்புகளும் மானியம் போய்விடும் என்ற பயமும் சேர்ந்து செய்த வேலை அது.

மார்ட்டின், மெக்ளூர் அறிக்கைக்குப் பின் விதிகள் இறுகின. இரண்டு விதிகள் முக்கியமானவை. மத்தியப் பணம், மாநிலமும் மாவட்டமும் வழக்கமாகத் தரும் பணத்துக்கு மேலாக இருக்க வேண்டும், அதற்குப் பதிலாக இருக்கக் கூடாது என்பது ஒன்று. டைட்டில் 1 பள்ளிக்கும் மற்றப் பள்ளிக்கும் மாநில, உள்ளூர்ப் பணத்தில் கிடைக்கும் வசதிகள் ஒப்பிடத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவற்றோடு, மாவட்டம் தன் சொந்தச் செலவை முந்தைய ஆண்டின் 90 சதவீதத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. இந்த விதிகள் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பது ஊகமல்ல, நடந்து முடிந்த வரலாறு.

மாநிலங்கள் சும்மா இருந்துவிட முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1980-களில் உறுதிப்படுத்தியது. தவறாகச் செலவான பணத்தை மாநிலத்திடமிருந்து திரும்ப வசூலிக்கலாம் என்று 1983-இல் நியூ ஜெர்சி வழக்கில் அது சொன்னது. 1985-இல் வந்த கென்டக்கி வழக்கு என்னை அதிகம் யோசிக்க வைத்த ஒன்று. அங்கே 1974-இல், முதல் இரண்டு வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே பிரித்து, சிறிய வகுப்புகளாக வைத்து டைட்டில் 1 பணத்தில் பாடம் நடத்தினார்கள். பணம் களவு போகவில்லை. பிள்ளைகள் பயனடைந்திருக்கவும் கூடும். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குச் சாதாரண வகுப்பில் மாநிலம் தந்திருக்க வேண்டிய ஆசிரியரின் செலவை மத்தியப் பணம் ஏற்றுக்கொண்டது. மாநிலம் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றது நீதிமன்றம். கென்டக்கி அதிகாரிகள் மேல் எனக்கு அனுதாபம் உண்டு. ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். நல்ல எண்ணத்தோடு செய்த விதிமீறலை ஒரு மாநிலத்துக்கு அனுமதித்தால், அடுத்த மாநிலம் நல்ல எண்ணம் இல்லாமலேயே அதைச் செய்யும்.

ஒரு டாலரின் பயணம்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் 5 முதல் 17 வயது வரையுள்ள ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் மதிப்பிடுகிறது. அதை நான்கு வெவ்வேறு சூத்திரங்களில் போட்டு, ஒவ்வொரு மாவட்டத்துக்குமான தொகையை மத்தியக் கல்வித் துறை கணக்கிடுகிறது.

இந்தச் சூத்திரத்துக்குள் ஓர் அநீதி பதுங்கியிருக்கிறது. ஒரு ஏழைப் பிள்ளைக்கு எவ்வளவு என்பது, அந்த மாநிலம் ஒரு பிள்ளைக்குச் சராசரியாக எவ்வளவு செலவிடுகிறதோ அதில் 40 சதவீதம். இதற்குக் கீழ் வரம்பும் மேல் வரம்பும் உண்டு. சூத்திரத்தின் முக்கியமான கிளைகளில் அது தேசிய சராசரியில் 32 சதவீதத்துக்குக் கீழே போகாது, 48 சதவீதத்துக்கு மேலே போகாது. அதாவது, கல்விக்குக் குறைவாகச் செலவிடும் மிசிசிப்பி போன்ற மாநிலத்துப் பிள்ளை இரண்டு பங்காக எண்ணப்பட்டால், தாராளமாகச் செலவிடும் நியூயார்க் போன்ற மாநிலத்துப் பிள்ளை மூன்று பங்காக எண்ணப்படுகிறது. நியூயார்க்கில் சம்பளமும் விலைவாசியும் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் மிசிசிப்பியின் செலவு குறைவாக இருப்பதற்கு விலைவாசி மட்டும் காரணமல்ல. மாநிலமே ஏழை, அல்லது மாநிலத்துக்கு மனமில்லை. இரண்டுமே அந்தப் பிள்ளையின் குற்றமல்ல. செலவு செய்யும் மாநிலத்துக்கு ஊக்கம் தருகிறோம் என்ற நியாயம் அறுபது ஆண்டில் எந்தக் கஞ்ச மாநிலத்தையும் திருத்தியதாகத் தெரியவில்லை.

பிறகு மாநிலத்தின் வேலை தொடங்குகிறது. அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தோடு நடக்கும், புதிதாக முளைத்த சார்ட்டர் பள்ளிகளுக்கும், பிரிந்த அல்லது இணைந்த மாவட்டங்களுக்கும் ஏற்ப தொகைகளைத் திருத்த வேண்டும். மிகவும் பின்தங்கிய பள்ளிகளைத் தூக்கிவிட என்று 7 சதவீதத்தை ஒதுக்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கு மாநிலம் 1 சதவீதம் அல்லது 4 லட்சம் டாலர், இவற்றில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளலாம். பிறகு மாவட்டங்களின் விண்ணப்பங்களைப் படித்து, கேள்வி கேட்டு, திருப்பி அனுப்பி, ஒப்புதல் தர வேண்டும். பணம் முன்கூட்டியே மொத்தமாகப் போவதில்லை. பெரும்பாலும் மாவட்டம் முதலில் தன் கையிலிருந்து செலவழித்துவிட்டு, கணக்கை மாநிலத்துக்கு அனுப்பித் திரும்பப் பெறுகிறது. கையிருப்புள்ள மாவட்டத்துக்கு இது சிரமமில்லை. மாதச் சம்பளத்துக்கே திணறும் சின்ன மாவட்டத்துக்கு, மாநில அலுவலகத்தில் ஒரு கோப்பு ஆறு வாரம் கிடந்தால் அது நெருக்கடி. அத்தகைய மாவட்டங்களில் கண்காணிப்பாளரே மானிய விண்ணப்பத்தையும் எழுதுவார், தணிக்கைக்கும் பதில் சொல்வார். ஆசிரியரின் சம்பளம் மானியத்திலிருந்து வந்தால், அவர் அந்த வேலையைத்தான் செய்தார் என்பதற்கான பதிவு இருக்க வேண்டும். செலவழிக்க 27 மாதங்கள் வரை அவகாசம் உண்டு. அதைச் சாத்தியமாக்கிய சட்டத் திருத்தம் மேரிலாந்து செனட்டர் ஜோசப் டைடிங்ஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது, மானிய அலுவலகங்களில் அன்றாடம் அடிபடும் பெயர் அது.

மாவட்டத்துக்குள் எந்தப் பள்ளி ஏழைப் பள்ளி? இதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மதிய உணவு. இலவசமாகவோ குறைந்த விலையிலோ சாப்பிடத் தகுதியுள்ள பிள்ளைகளின் விகிதத்தை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்துகிறார்கள். 75 சதவீதத்துக்கு மேல் ஏழைப் பிள்ளைகள் இருக்கும் பள்ளிகளுக்கு முதலில் பணம் போக வேண்டும். சமீப ஆண்டுகளில், ஏழைகள் அதிகமுள்ள பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்குமே இலவசச் சாப்பாடு என்ற திட்டம் பரவியிருக்கிறது. பசிக்கு அது மிகப் பெரிய நன்மை. ஆனால் அங்கே விண்ணப்பப் படிவம் நிரப்பும் வழக்கம் போய்விட்டது. அரசின் உணவு உதவி போன்ற திட்டங்களில் பெயர் இருக்கும் பிள்ளைகளை வைத்துத்தான் வறுமையை ஊகிக்க வேண்டியிருக்கிறது. அரசாங்கத்தின் எந்தப் பட்டியலிலும் பெயர் கொடுக்க அஞ்சும் குடியேறிக் குடும்பத்தின் பிள்ளை இந்தக் கணக்கில் ஏழையாகத் தெரிவதே இல்லை. இதற்கு மாற்று அளவீடு தேடும் வேலை மாநிலங்களின் தலையில் விழுந்திருக்கிறது.

ஒப்பிடத்தக்க வசதி என்ற விதியிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. இரண்டு பள்ளிகளை ஒப்பிடும்போது பணி மூப்பால் வரும் சம்பள வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்கிறது சட்டம். அனுபவம் மிக்க ஆசிரியர்கள் வசதியான பகுதிப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஏழைப் பகுதிப் பள்ளியில் புதியவர்கள் வந்து வந்து போகிறார்கள். இரண்டு பள்ளியிலும் இருபது ஆசிரியர்தானே என்று மாவட்டம் கணக்குக் காட்டிவிடும். முதல் பள்ளியின் சம்பளப் பட்டியல் மிகப் பெரியது என்பது காகிதத்தில் வராது. 2008-09 கல்வியாண்டுக்கான தகவல்களைத் திரட்டி மத்தியக் கல்வித் துறை 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. டைட்டில் 1 பள்ளிகளில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, அதே மாவட்டத்தில் டைட்டில் 1 இல்லாத பள்ளிகளைவிட ஒரு பிள்ளைக்குக் குறைவான மாநில, உள்ளூர்ப் பணத்தையே ஊழியர்களுக்குச் செலவிட்டன. அதாவது அந்தப் பள்ளிகளில் மத்திய மானியம் கூடுதல் உதவியாக இல்லை, பள்ளத்தை நிரப்பும் மண்ணாக இருந்தது. ஒபாமா அரசின் கடைசி ஆண்டில் கல்விச் செயலர் ஜான் கிங் இதை விதிகளின் மூலம் சரிசெய்யப் பார்த்தார். மாவட்டங்கள், ஆசிரியர் சங்கங்கள், நாடாளுமன்றத்தின் குடியரசுக் கட்சித் தலைவர்கள் எல்லோரும் எதிர்த்தார்கள். 2017 ஜனவரியில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. ஆசிரியர்களைக் கட்டாயமாக இடம் மாற்ற வேண்டிவரும் என்ற சங்கங்களின் அச்சத்தைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அந்த அச்சத்துக்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருப்பது பிள்ளைகள்.

பெருந்தொற்றில் தெரிந்த முகம்

2020, 2021-இல் மூன்று தவணைகளாக வாஷிங்டன் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 19,000 கோடி டாலரைக் கொட்டியது. டைட்டில் 1 சூத்திரப்படி, மாநிலம் வழியாக, குறைந்தது 90 சதவீதம் மாவட்டங்களுக்குப் போக வேண்டிய பணம். இடையில் நிற்கும் மாநிலம் எதைச் செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காலம் வேறில்லை.

குடியரசுக் கட்சி ஆளும் டெக்சாஸ், முதல் தவணையில் வந்த சுமார் 130 கோடி டாலரைப் பள்ளிகளுக்குக் கொடுத்துவிட்டு, தான் கொடுக்க வேண்டிய பணத்தில் அதற்கு ஈடாகப் பிடித்துக்கொண்டது. அடுத்த தவணைகளும் மாதக்கணக்கில் மாநிலத் தலைநகரில் தங்கின. பெற்றோரும் மாவட்டங்களும் குரல் எழுப்பியபின், 2021 ஏப்ரல் இறுதியில்தான் 1,120 கோடி டாலர் விடுவிக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஜனநாயகக் கட்சி ஆளும் நியூயார்க்கும் 2020-இல் ஏறத்தாழ இதையே செய்தது. மத்தியப் பணம் சுமார் 110 கோடி டாலர் வந்தது, மாநில உதவியில் அதே அளவு குறைக்கப்பட்டது. கட்சி எதுவானாலும் பட்ஜெட்டில் துண்டு விழும்போது மாநிலத்தின் கை முதலில் நீள்வது பள்ளிப் பணத்தை நோக்கித்தான். அவசரகாலப் பணம் என்பதால் அதை ஒதுக்கிய சட்டங்களில் ‘மேலாக, பதிலாக அல்ல’ என்ற பழைய விதி எழுதப்படவில்லை. விதி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 1969 அறிக்கை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது.

இதனால்தான் ‘விதிகளை அகற்றி, எல்லாத் திட்டங்களையும் ஒரே மொத்தமாக்கி மாநிலத்திடம் கொடுத்துவிடலாம்’ என்ற யோசனையைக் கேட்கும்போது எனக்கு 1981 நினைவுக்கு வருகிறது. ரீகன் அரசு அப்போது பல சிறு திட்டங்களை ஒன்றாகக் கட்டி ஒரே மானியமாக்கியது. இனப்பிரிவினையைக் களையும் பள்ளிகளுக்கென்று இருந்த தனி நிதி அந்தக் கட்டில் கரைந்து போனது. அதை நம்பியிருந்த பெருநகரங்கள் பணத்தை இழந்தன. பெயருடைய திட்டத்தைக் காப்பாற்ற யாராவது போராடுவார்கள். பெயரற்ற மொத்தத் தொகைக்காக யார் தெருவுக்கு வருவார்? அந்த மானியம் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து, 2000-களின் பிற்பகுதியில் நின்றே போனது. டைட்டில் 1 பள்ளிகளில் பெற்றோர் ஆலோசனைக் குழு கட்டாயம் என்றிருந்த விதியும் 1981-இல்தான் எடுக்கப்பட்டது. கணக்குக் கேட்கும் உரிமை பெற்றிருந்த தாய்மார்கள் மறுபடியும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

2026 நிதியாண்டுக்கான அதிபர் டிரம்ப்பின் பட்ஜெட் முன்மொழிவு, 18 திட்டங்களைச் சேர்த்து 200 கோடி டாலரில் ஒரே மானியமாக்கச் சொன்னது. தனித்தனியே அவை பெற்றுவந்தது அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

விதிகளின் எண்ணிக்கை அதிகம் என்ற குறையை நான் மறுக்கவில்லை. ஒரே பிள்ளைக்கு உதவும் மூன்று திட்டங்களுக்கு மூன்று விண்ணப்பம், மூன்று அறிக்கை என்று மாநில ஊழியரும் மாவட்ட ஊழியரும் படும் பாடு உண்மையானது. தணிக்கைக்குப் பயந்து, பிள்ளைக்கு நல்லதைச் செய்வதைவிடக் கோப்புக்கு நல்லதைச் செய்யும் பழக்கமும் வந்துவிட்டது. 1965 சட்டத்தைத் திருத்தி எழுதிய 2015 சட்டம் வந்தபின் ‘மேலாக, பதிலாக அல்ல’ என்பதை ஒவ்வொரு செலவாக நிரூபிக்க வேண்டியதில்லை. பள்ளிகளுக்குப் பணம் பிரிக்கும் முறையே டைட்டில் 1 பள்ளிக்குப் பாதகமில்லாமல் இருந்தால் போதும். இது நல்ல மாற்றம். காகிதம் குறைந்தது, பாதுகாப்பு தங்கியது. இப்படி யோசித்துக் குறைப்பது வேறு. காவலாளியையே வேலையிலிருந்து நீக்குவது வேறு.

2025-இல் நடந்தது இரண்டாவது வகை. மார்ச் 11 அன்று மத்தியக் கல்வித் துறையின் ஊழியர் எண்ணிக்கையை 4,100-க்கு மேலிருந்து சுமார் 2,200-ஆகக் குறைக்கும் அறிவிப்பு வந்தது. மார்ச் 20 அன்று துறையையே மூட வழிசெய்யும் ஆணையில் அதிபர் கையெழுத்திட்டார். மார்ச் 28 அன்று, பெருந்தொற்றுப் பணத்தின் மிச்சத்தைச் செலவழிக்க ஏற்கெனவே தந்திருந்த கால நீட்டிப்பைக் கல்விச் செயலர் லிண்டா மெக்மஹன் ஒரு கடிதத்தில் ரத்து செய்தார். அந்த நீட்டிப்பை நம்பி ஒப்பந்தம் போட்டிருந்த மாவட்டங்கள் திகைத்து நின்றன. ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் ஆட்குறைப்பைத் தொடர அனுமதித்தது. நவம்பர் 18 அன்று, டைட்டில் 1 உள்ளிட்ட பள்ளித் திட்டங்களின் நிர்வாகத்தைத் தொழிலாளர் துறைக்குக் கொண்டுபோகும் ஒப்பந்தங்கள் அறிவிக்கப்பட்டன.

இவ்வளவுக்கும் நடுவில் 1965 சட்டத்தில் ஒரு வரியைக்கூட நாடாளுமன்றம் மாற்றவில்லை. மாநிலத்தின் கடமைகள் அப்படியே இருக்கின்றன. வறுமைக் கணக்கு, வரிசைப் பட்டியல், 7 சதவீத ஒதுக்கீடு, தணிக்கை எல்லாமும் செய்தாக வேண்டும். மாநில அலுவலர் ஒரு சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல இருபது ஆண்டு அனுபவத்தோடு வாஷிங்டனில் இருந்தவர்தான் இப்போது இல்லை. மாசச்சூசெட்ஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் சமாளித்துக்கொள்ளும். அவற்றில் ஆளும் உண்டு, அனுபவமும் உண்டு. மாநில அலுவலகமே மெலிந்து கிடக்கும் இடங்களில்தான் ஏழைப் பிள்ளைகளும் மிகுதி. அங்கே யார் எதைக் கவனிக்காமல் விட்டார்கள் என்பது, வழக்கமான தணிக்கை நடந்தால்கூட, ஓரிரு ஆண்டு கழித்துத்தான் தெரியவரும். அதற்குள் மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் திணறிய பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குப் போயிருக்கும்.

மாநிலங்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்கு வாஷிங்டனின் அனுமதி தேவையில்லை. 2015 சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவாகிறது, அதில் மத்தியப் பணம் எவ்வளவு, மாநில, உள்ளூர்ப் பணம் எவ்வளவு என்று தனித்தனியே வெளியிடச் சொல்கிறது. அதுவும் ஊழியர்களின் உண்மையான சம்பளத்தை வைத்து. பணி மூப்பை மறைத்து வைத்த பழைய ஓட்டை இந்தக் கணக்கில் அம்பலமாகிவிடும். பல மாநிலங்கள் இதை இணையதளத்தின் ஏதோ மூலையில், கணக்காளருக்கு மட்டும் புரியும் அட்டவணையாகப் போட்டு வைத்திருக்கின்றன. அதை ஒரு தாய் படித்துப் புரிந்துகொள்ளும்படி, தெருவுக்கு இந்தப் பக்கப் பள்ளியையும் அந்தப் பக்கப் பள்ளியையும் அருகருகே வைத்து, அவள் பேசும் மொழியில், பள்ளி வாரியம் பட்ஜெட் போடுவதற்கு முந்தைய மாதமே வெளியிட வேண்டும். 1981-இல் கலைக்கப்பட்ட பெற்றோர் குழுக்களை மாநிலச் சட்டத்திலேயே மீண்டும் உருவாக்கி, அந்தக் கணக்கை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆகும் செலவு மாநிலத்துக்குக் கிடைக்கும் 1 சதவீத நிர்வாகப் பணத்துக்குள் அடங்கும்.